சின்னாண்டிக்கு முகமூடி போட்டவள்

கச்சிராயபாளையத்தில் என் வீட்டைத் தேடிக்கொண்டு சென்னையிலிருந்து பதிப்பகத்தார் இருவர் வந்தார்கள். ஒரு காலத்தில் நாங்கள் கள்ளக்குறிச்சியில் மாதாமாதம் போட்ட படக்கதைகளில், சின்னாண்டி கதாநாயகனாக வந்த இதழ்களை மட்டும் எடுத்துக் கெட்டி அட்டை போட்டுப் பெரிய புத்தகமாகக் கொண்டுவரப் போகிறார்களாம். அதற்கு முன்னால் வைக்க நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும். "இருபத்திரண்டு வருஷம் புயல்வேந்தனுக்கு எடுபிடியா இருந்தவன ஒரே இதழ்ல எப்படி மேடம் ஹீரோவாக்குனீங்க? அந்த டெக்னிக்க எழுதுங்க" என்று வந்தவர்களில் ஒரு பெண் கேட்டாள்.

டெக்னிக் ஒரே வரியில் அடங்கிவிடும். முகமூடி போட்டேன். அதற்கு மேல் எழுதினால் அது டெக்னிக்காக இருக்காது, நான் செய்த தப்பாகத்தான் இருக்கும், பரவாயில்லையா என்று கேட்டேன். தலையாட்டிவிட்டுப் போனார்கள். பிறகு இரண்டு முறை போன் செய்து நினைவூட்டினார்கள். ஆகையால் எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் புத்தகத்தின் கடைசியில் போட்டுக்கொள்ளட்டும்.

டிராயிங் ஹையர் பாஸ் செய்துவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்குப் பதிந்து காத்திருந்தவள் நான். வேலை வரவில்லை. கள்ளக்குறிச்சியில் காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் அடிக்கிற அச்சகம் ஒன்றில் பிள்ளையார் படத்துக்கு பார்டர் வரைய ஆள் தேவை என்றார்கள், போனேன். முதலாளி கோதண்டபாணி ஐயாவுக்குப் படக்கதைப் பைத்தியம். மெஷின் சும்மா கிடக்கிற மாதங்களில் ஒரு இதழ் போட்டுப் பார்ப்போம் என்று ஆரம்பித்தவர், கடைசியில் அதற்காகக் காலண்டரையே ஒதுக்கி வைத்தார். கதை அவர் சொல்வார். படமும் வசனமும் எழுத்தும் என் கை. ஆரம்ப காலத்தில் நான் வரைந்த கைவிரல்களைப் பார்த்தால் இப்போதும் எனக்கே சிரிப்பு வரும், அதை விட்டுவிடுகிறேன்.

எங்கள் நாயகன் புயல்வேந்தன். ஆறரை அடி உயரம், நீல முகமூடி, முதுகில் சிவப்புத் துணி, வானத்தில் பறப்பான். முதல் இரண்டு இதழிலும் தனியாகவே பறந்தான். மூன்றாவது இதழின் பக்கங்களைப் பார்த்த ஐயா, "இவன் யார்கிட்டம்மா பேசிக்கினு இருக்கான்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவனிடம் கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டும். நான் நிமிர்ந்து பார்த்தேன். எதிரே பைண்டிங் பகுதியில் குந்தி உட்கார்ந்து, பாரம் என்று நாங்கள் சொல்கிற அச்சடித்த பெரிய தாள்களை மடித்துக்கொண்டிருந்தார் லட்சுமணன். கல்வராயன் மலைக்காரர், வெள்ளிமலையைத் தாண்டிச் சின்ன ஊர். குள்ளமான உடம்பு, தலையில் துண்டு, முன்பல் இரண்டுக்கும் நடுவே விரல் போகிற சந்து. யாரோ எதையோ சொல்ல, சிரித்துக்கொண்டிருந்தார். அப்படியே வரைந்து, தோளில் ஒரு மூட்டையும் கொடுத்து, சின்னாண்டி என்று பெயர் வைத்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

இதழ் அச்சாகி வந்ததும் அச்சகமே சிரித்தது. மறுநாளிலிருந்து எல்லோரும் அவரைச் சின்னாண்டி என்றே கூப்பிட்டார்கள், நானும்தான். அவரும் சிரித்துக்கொண்டு வந்தார். என்னைவிட ஒரு வயது மூத்தவர். நான் அவரை வா, போ என்பேன், அவர் என்னை ஆர்ட்டிஸ்ட்டம்மா என்பார். சின்னாண்டி மூட்டை சுமந்தான், முள்ளில் மாட்டினான், பூதத்தைக் கண்டால் மரத்தில் ஏறினான், "இன்னா சாமி இது?" என்று கட்டத்துக்குக் கட்டம் கேட்டான். ஒவ்வொரு இதழும் புயல்வேந்தன் பறந்து போக, இவன் கீழே ஓடிக்கொண்டே "என்னையும் இட்டுகினு போ சாமி" என்று கத்துவதோடு முடியும். லட்சுமணன் அதை மடித்து, அடுக்கி, பின் அடித்து, கட்டுக் கட்டி ஊர் ஊராக அனுப்புவார். தன் முகத்தைத் தானே கட்டி அனுப்பினார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இங்கே தொழில் விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். அதனால் ஒரு கட்டத்தில் முதலில் பேசுகிறவன் இடது பக்கம் நிற்க வேண்டும், பதில் சொல்கிறவன் வலது பக்கம். இல்லாவிட்டால் பேச்சு பலூன்களின் வால் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். கேட்கிறவன் சின்னாண்டி, ஆகவே அவன் எப்போதும் இடது கீழ் மூலை. சொல்கிறவன் புயல்வேந்தன், அவன் வலது மேலே. சின்னாண்டியின் தலை அவன் மார்புவரை. இந்த அளவை அட்டையில் வரைந்து மேஜைக்கு எதிரே ஒட்டி வைத்திருந்தேன். இரண்டு வருஷத்தில் அந்த அட்டையைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. பென்சிலை எடுத்தால் கை தானாக இடது கீழ் மூலைக்குப் போகும்.

ஐயா பக்கம் பார்க்கிற முறையும் தனி. வரைந்த அட்டைகளை மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு நான் நிற்க வேண்டும். அவர் நியூஸ்பிரிண்ட் காகிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்துப் பலூன்களை எல்லாம் மூடுவார். வசனம் இல்லாமல் படம் மட்டும் கதை சொல்கிறதா என்று மூன்று தரம் பார்ப்பார். சரியாக இருந்தால் "நிக்குது" என்பார். குறை இருந்தால் சிவப்புப் பென்சிலால் மூலையில் ஒரு புள்ளி. திருத்த வேண்டும் என்று அர்த்தம். இரண்டு புள்ளி என்றால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வரைய வேண்டும். என்ன குறை என்று மட்டும் சொல்ல மாட்டார். "மறுபடி பாருங்கம்மா" என்பதோடு சரி. நாமே கண்டுபிடித்தால்தான் அடுத்த தரம் அந்தத் தப்பு வராதாம். ஒரு தரம்கூடக் குரலை உயர்த்தியதில்லை. அந்த மனுஷர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

இரண்டு புள்ளி வாங்கிய அட்டைகள் பைண்டிங் பகுதிக்குப் போகும். இதழ்க் கட்டின் மேலும் கீழும் அந்தக் கெட்டி அட்டையை வைத்துச் சணல் கட்டினால் கயிறு புத்தகத்தை அறுக்காது. என்னுடைய எத்தனையோ தப்புகள் அப்படித் திருக்கோவிலூருக்கும் சேலத்துக்கும் போயிருக்கின்றன.

காலம் மாறி எல்லோர் கையிலும் போன் வந்தது. புயல்வேந்தன் விற்பது கம்மியாகிக்கொண்டே போனது. வாசகர் கடிதங்களில் மட்டும் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. சின்னாண்டிக்குத் தனிக்கதை போடுங்கள் என்று கேட்டார்கள். ஐயா ஒருநாள் கடிதங்களைக் கொத்தாக என் மேஜையில் வைத்து, அடுத்த இதழில் புயல்வேந்தன் வேண்டாம், சின்னாண்டி மட்டும்தான், கதையும் உங்களுடையதே என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் கதையை என்னிடம் விட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றைக்கு டீ நேரத்தில் லட்சுமணன் என் மேஜைக்கு வந்தார். சாதாரணமாக வர மாட்டார். சின்னாண்டி தனியாக வரப்போகிறானாமே என்று கேட்டார். ஆமாம் என்றேன். டம்ளரை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, "ஆர்ட்டிஸ்ட்டம்மா, அவன் எங்க போய்ப் படுக்குறான்?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். "எம் பொண்ணு கேக்குதுங்க. ஆஸ்டல்ல அத சின்னாண்டி பொண்ணுன்னு கிண்டல் பண்றாங்களாம். பண்ணா பண்ணிட்டுப் போறாங்க. ஆனா புயல்வேந்தனுக்கு குகை கீது, அரமனை கீது, சின்னாண்டிக்கு ஒரு வூடு கூட இல்லியாப்பான்னு கேக்குது. இந்தத் தபா அவனுக்கு ஒரு வூடு போட்டுடுங்க. ஒரு புக்கு நான் எடுத்துக்கினு போறேன்."

அச்சகத்தில் ஆளுக்கு ஒரு பிரதி சும்மா கொடுப்பார்கள். லட்சுமணன் தன்னுடையதை மாதாமாதம் டீக்கடையில் கொடுத்துவிடுவார், வீட்டுக்கு எடுத்துப் போனதே இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்குச் சிரித்தவர் இத்தனை வருஷமும் மனசாரச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீடு போடுவதாக வாக்குக் கொடுத்தேன். அவர் வீட்டையே போடலாம் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரோடு மலைக்குப் பஸ் ஏறினேன். வெள்ளிமலையில் இறங்கி நடந்தோம். மண்சுவர் வீடு. கூரை இறங்கி வந்து வாசலை மறைத்தது. உள்ளே நுழைகிறபோது நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டேன். அவர் மனைவி, குனிந்து வரச் சொல்ல மறந்துவிட்டதாக மிகவும் வருத்தப்பட்டார். முற்றத்தில் கடுக்காய் காய்ந்துகொண்டிருந்தது. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். ஒரு நோட்டு நிறைய வரைந்துகொண்டேன். சாயங்காலம் பஸ்ஸில் இறங்கி வரும்போது நெற்றியில் புடைப்பும் மடியில் நோட்டுமாக நான் இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு இந்தத் தொழிலில் நான் அடையவில்லை.

முதல் எட்டுப் பக்கத்தை வரைந்தேன். சின்னாண்டி தன் வீட்டுக்குத் திரும்பி வருகிறான், சாமை உலர்த்துகிறான், பெண்ணோடு பேசுகிறான். மலையில் மரம் வெட்டுகிற கூட்டம் ஒன்று வந்திருப்பது அவனுக்குத் தெரிய வருகிறது. எட்டையும் ஐயா மேஜையில் வரிசையாக வைத்தேன். அவர் காகிதம் கிழித்து மூடினார். மூன்று தரம் பார்த்தார். பிறகு ஒரு காரியம் செய்தார். மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டத்தின் வலது பாதியை உள்ளங்கையால் மூடினார், எடுத்தார். இன்னொரு கட்டத்திலும் அப்படியே மூடினார், எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். எதைக் காட்டுகிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை. எட்டுப் பக்கத்திலும் இரண்டிரண்டு புள்ளி வைத்தார்.

மலைக்காரன் வீடு ஐயாவுக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்டுவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவரை அப்படி எதிர்த்துக் கேட்டதில்லை. அவர் நிதானமாகத்தான் சொன்னார். "வீடு நல்லா இருக்குதும்மா. அவனத்தான் காணோம். மறுபடி பாருங்க, நாலு நாள் இருக்குது."

காணோமா? கட்டத்துக்குக் கட்டம் அவன்தானே இருக்கிறான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மறுபடி பார்க்கவும் இல்லை. எட்டு அட்டையையும் கொண்டுபோய்ப் பைண்டிங் மூலையில் போட்டேன். மறுநாள் காலையில் ஒரே ஒரு பக்கம் வரைந்து எடுத்து வந்தேன். சின்னாண்டி ஒரு பெட்டியைத் திறக்கிறான், உள்ளே நீல முகமூடி. போட்டுக்கொள்கிறான். உடம்பு ஆறரை அடிக்கு வளர்கிறது. வலது மேல் பக்கம் நிமிர்ந்து நிற்கிறான். பல்லில் சந்து இல்லை. "அறிந்துகொள்ளுங்கள், நான் புயல்வேந்தனின் தொலைந்துபோன தம்பி!" என்று சுத்தத் தமிழில் முழங்குகிறான். ஐயாவுக்குக் குத்தட்டும் என்றுதான் வரைந்தேன். இரண்டு புள்ளி வைப்பார், அப்போது நன்றாகக் கேட்டுவிடலாம் என்று வசனம்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். பென்சிலைத் தொடவில்லை. "நிக்குது" என்றார். பிறகு, "உங்களுக்கு இதுதான் வேணும்னா இதையே போடுங்கம்மா" என்றார்.

வேண்டாம் ஐயா, கோபத்தில் வரைந்தது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு நிமிஷம் போதும். வீம்பு விடவில்லை. மீதி இருந்த நாளில் ராத்திரியும் உட்கார்ந்து முப்பத்திரண்டு பக்கத்தையும் முடித்துக் கொடுத்தேன், அவ்வளவு சுலபமாக ஓர் இதழை நான் வரைந்ததே கிடையாது. முகமூடிக்குள் முகம் வரைய வேண்டிய வேலை இல்லையல்லவா?

பாரம் பைண்டிங்குக்கு வந்த அன்று நான் வேண்டுமென்றே தலையைக் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தேன். லட்சுமணன் முதல் பிரதியைச் சேர்த்து, அட்டையைத் திருப்பிப் பார்த்தார். எழுந்து என் மேஜைக்கு வந்தார். "இவரு யாருங்க, ஆர்ட்டிஸ்ட்டம்மா?" என்றார்.

சின்னாண்டிதான், முகமூடி போட்டிருக்கிறான் என்றேன். "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தார். மகளுக்கென்று கேட்டிருந்த பிரதியை நான் காக்கிக் காகிதத்தில் சுற்றி அவர் ஸ்டூல்மேல் வைத்தேன். இரண்டு நாள் அங்கேயே இருந்தது. மூன்றாம் நாள் அவரே பிரித்து மற்ற பிரதிகளோடு வைத்துக் கட்டிவிட்டார்.

இதழ் நன்றாக விற்றது. முகமூடிச் சின்னாண்டி ஏழு வருஷம் ஓடினான். மலையிலிருந்து வந்த முதல் வீரன் என்று பாராட்டி எழுதினார்கள். எனக்குச் சால்வை போட்டார்கள். வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு அச்சகத்தில் யாரும் லட்சுமணனைச் சின்னாண்டி என்று கூப்பிடவில்லை, ஏனென்றால் சின்னாண்டிக்கும் அவருக்கும் இனி ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் தன் வேலையைச் செய்தார். டீ நேரத்தில் என் மேஜைக்கு மட்டும் வந்ததில்லை. பிறகு ஐயா தவறிப்போனார், அச்சகத்தை மூடினார்கள், லட்சுமணன் மலைக்குப் போய்விட்டார்.

இத்தனை வருஷமும் நான் எனக்கே ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அருமையான எட்டுப் பக்கம் வரைந்தேன், அதன் அருமை தெரியாமல் ஐயா புள்ளி வைத்துவிட்டார், அந்தக் கோபத்தில் நானும் ஒரு தப்புச் செய்துவிட்டேன் என்று. அந்தக் கதைப்படி முதல் தப்பு அவருடையது. இந்தக் கட்டுரையையும் அப்படித்தான் எழுத இருந்தேன். ஆனால் லட்சுமணனைப் பற்றி எழுதப் போகிறோமே, இந்த முறையாவது கேட்டுவிட்டு எழுதுவோம் என்று போன மாதம் வெள்ளிமலைக்குப் போனேன்.

அதே வீடுதான், கூரைக்கு மட்டும் தகரம் மாற்றியிருக்கிறார்கள். அந்தப் பெண் இப்போது நர்சாக வேலை பார்க்கிறாளாம். லட்சுமணன் அண்ணே என்று கூப்பிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை. அவருக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம். விஷயத்தைச் சொன்னேன். எழுதுங்கள், பேர் போட்டே எழுதுங்கள், லட்சுமணன் என்று போடுங்கள் என்றார். பிறகு உள்ளே போய் அரிசிச் சாக்கில் சுற்றிய கட்டு ஒன்றைக் கொண்டு வந்தார். பிரித்தால் என் எட்டுப் பக்கம். மூலையில் சிவப்புப் புள்ளிகள் இரண்டிரண்டாக அப்படியே இருந்தன.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதைப் புத்தகத்தில் முதலாவதாகப் போடச் சொல்கிறேன் என்று படபடவென்று பேசினேன். அவர் என்னைப் பேசி முடிக்கவிட்டார். "அச்சுல போட வேணாங்க" என்றார்.

"வூடுன்னு போட்டீங்களேன்னுதான் எடுத்து வெச்சேன். கட்டுக்கு வெக்க மனசு வரல. ஆனா பொண்ணுக்குக் காட்டலீங்க. வாசலப் பாருங்க" என்று விரலை வைத்துக் காட்டினார். "எங்க வூட்ல குனிஞ்சுதான் நொழையணும். நீங்க கூட இடிச்சுக்கினீங்க. படத்துல எம்மாம் ஒசரம் பாருங்க. இங்க அவன் இந்த மூலைல குந்திக்கினு இருக்கான், மேல பாத்துக்கினு இருக்கான். பக்கத்துல எல்லாம் காலி. எங்க வூட்டுக்குள்ளயும் அந்தப் புயல்வேந்தனுக்கு எடம் வுட்டு வெச்சிருக்கீங்களே."

அட்டைகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். எட்டுப் பக்கத்திலும், ஒரு கட்டம் பாக்கியில்லாமல், சின்னாண்டி இடது கீழ் மூலையில் இருந்தான். வலது பக்கம் ஓர் ஆள் உயரத்துக்கு வெறும் சுவர், வெறும் வானம், வெறும் கதவு. அவன் பெண்ணோடு பேசுகிற கட்டத்தில்கூட அவன் கண் பெண்ணைப் பார்க்கவில்லை, இல்லாத ஒருவனை அண்ணாந்து பார்த்தது. ஐயாவின் உள்ளங்கை மூடியது அந்த இடத்தைத்தான். நான் மறுபடி பார்த்திருந்தால் போதும். நாலு நாள் தந்திருந்தார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் மகளின் பழைய நோட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து, பென்சிலோடு என் முன்னால் வைத்தார். நான் வரைந்து எத்தனையோ வருஷமாகிறது. இருந்தாலும் பென்சிலை எடுத்தேன். கை போய் இடது கீழ் மூலையில் உட்கார்ந்தது.

நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். பாரம் அடுக்கிய பழக்கமுள்ள கையால் தாளின் ஓரத்தைப் பிடித்து, பென்சில் முனை நடுவுக்கு வருகிறவரை தாளை நகர்த்தி வைத்தார். "இப்ப போடுங்க" என்றார்.

போட்டேன். தாள் முழுக்க அவர் முகம், பல் சந்தோடு. நன்றாக வந்தது என்று சொல்ல மாட்டேன். அந்தப் படம் அவர் வீட்டில் இருக்கிறது. இந்தப் புத்தகத்தில் இல்லை.